ஐந்து மணிக்குக் கிளம்புவது என்றால் ஐந்து மணிக்கு என்ன நடக்க வேண்டும்?

கேள்வி:

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். எனக்கு நான்கு வயதில் ஒரு பெண், ஒன்றரை வயதில் ஒரு பையன். கல்யாணத்துக்கு முன்பு நான் எந்த இடத்துக்கும் லேட்டாகப் போனவள் இல்லை. இப்போது எங்கே கிளம்பினாலும் லேட். போன ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணம், மேட்டுப்பாளையத்தில். முகூர்த்தம் 6 மணியிலிருந்து 7.30. ஐந்து மணிக்குக் கிளம்பத் திட்டம் போட்டு மூன்றரைக்கே எழுந்தேன். பிள்ளைகளையும் நான்கு மணிக்கு எழுப்பிக் குளிப்பாட்டினேன். அப்படியும் வண்டி நகர்ந்தபோது 5.55. ரோஸ் ஸ்வெட்டருக்கு ஒரு அழுகை, துணி மாற்ற அடம் பிடித்தவளுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுத்த போனை, "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று சொல்லியும் கேட்காததால் பிடுங்கியபோது ஒரு ரகளை, காணாமல் போன ஷூவுக்கு ஒரு தேடல், எல்லாம் போட்டு முடித்த பிறகு பையன் ஆய் போய்விட்டான். அரவேனு தாண்டியதும் பெண் வாந்தி எடுத்து, பட்டுப்பாவாடையெல்லாம் பாழ். வண்டியை நிறுத்தி, துடைத்து, வேறு துணி மாற்றி, மண்டபத்துக்குள் நுழைந்தபோது 7.40. தாலி கட்டியாகிவிட்டது. சித்தி முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்காரர் காலையில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "நான் அஞ்சு மணிக்கே ரெடி" என்று வழியெல்லாம் சொன்னார். அத்தை, "நாங்களும்தான் நாலு பெத்தோம்" என்றார். அன்று ராத்திரி மகள் என்னிடம், "அம்மா, நான் வாந்தி எடுத்ததாலதான் சித்தி கல்யாணத்தப் பாக்க முடியலையா?" என்று கேட்டாள். தை மாதம் காரமடையில் இன்னொரு கல்யாணம், அதுவும் காலை முகூர்த்தம். நான் சோம்பேறியா? எத்தனை மணிக்குத்தான் எழுந்திருப்பது?

பதில்:

சகோதரிக்கு,

நீங்கள் சோம்பேறி இல்லை. இதை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் அதனால் காரமடைக் கல்யாணத்துக்கு ஐந்து நிமிடம்கூட மிச்சமாகாது. ஆகவே அந்த ஆவணிக் காலையை இன்னொரு தடவை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

குன்னூரில் என் ஆலோசனை அறைக்குக் குழந்தைகளோடு வருகிறவர்கள் பலர் மூச்சு வாங்க, மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த பிறகு நான் கேட்பது ஒன்றுதான்: "வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?" ஒரே குடும்பத்திலிருந்து மூன்று பதில் வரும். அப்பா சொல்வது, அவர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்த நேரம். அம்மா சொல்வது, அடுப்பை அணைத்த நேரம். பாட்டி சொல்வது, சாமி கும்பிட்டுத் திருநீறு இட்டுக்கொண்ட நேரம். சக்கரம் உருண்ட நேரத்தை மூவரில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் அதேதான் நடந்திருக்கிறது. ஐந்து மணிக்கு உங்கள் வீட்டுக்காரர் தயார். அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை கிளம்புவது என்றால் சட்டை, வேட்டி, கைக்கடிகாரம், சாவி. அந்த நான்கும் ஐந்து மணிக்கு முடிந்துவிட்டன. உங்களுக்குக் கிளம்புவது என்றால் மூன்று உடம்புகள். அதுவும் இந்த மலையில். கோயம்புத்தூரில் ஒரு குழந்தைக்கு ஜட்டி, ஃப்ராக், செருப்பு, கதை முடிந்தது. இங்கே பனியன், முழுக்கைச் சட்டை, பேன்ட், ஸ்வெட்டர், குல்லா, இரண்டு சாக்ஸ், இரண்டு ஷூ. பையனுக்கு மட்டும் ஒன்பது உருப்படி. அதை இரண்டால் பெருக்குங்கள். மழைக்காலத்தில் மூன்று நாள் கொடியில் கிடந்தும் காயாத ஸ்வெட்டரை அடுப்புச் சூட்டில் காட்டும் வேலை தனி. கடைசியில் அவன் ஆய் போனதும் ஒன்பதில் ஐந்து உருப்படியாவது கழன்று மறுபடி ஏற வேண்டும். 55 நிமிடம் போன இடம் இதுதான். உங்கள் கையை விட்டு ஒரு நிமிடமும் வீணாய்ப் போனதாக எனக்குத் தெரியவில்லை. அந்த வேலைக்கு யார் கணக்கிலும் நேரம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவே.

நம் மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் 28 கிலோமீட்டர். ஏற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் நீராவி இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அந்த இன்ஜினுக்குத் தாகம் எடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நிற்கிற நேரத்தையும் சேர்த்தே அட்டவணை போட்டார்கள். வழியில் ஹில்குரோ ஸ்டேஷனில் நிற்பதைப் பார்த்து "ரயில் லேட்" என்று யாரும் சொல்வதில்லை. நீங்களோ ஒன்றரை வயதுப் பையனை வைத்துக்கொண்டு, நிற்காமல் போகும் டாக்சிக்கான அட்டவணை போட்டிருக்கிறீர்கள்.

இந்தத் தப்பை எல்லோரும் செய்கிறார்கள், படித்தவர்களும் சேர்த்து. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். 'திட்டமிடல் மயக்கம்' என்று தமிழில் சொல்லலாம். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று யோசிக்கும்போது, எல்லாம் ஒழுங்காக நடந்தால் எவ்வளவு ஆகுமோ அதைத்தான் மனம் எடுத்துக்கொடுக்கும். போன தடவை என்ன ஆனது என்பதை அது எட்டிப் பார்க்காது. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்புக்கான ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடித்தது 55 நாளுக்கு மேல். அவர்களுக்குத் தங்கள் வேகம் தெரியாததல்ல. முன்பு எழுதிய கட்டுரையெல்லாம் கடைசி நாளில்தான் முடிந்தது என்பதும் தெரியும். இந்தத் தடவை அப்படி ஆகாது என்று நம்பினார்கள்.

ஆகவே யோசித்துக் கணக்குப் போடாதீர்கள், அளந்து பாருங்கள். அடுத்த மூன்று தடவை எங்கே கிளம்பினாலும், அது கோத்தகிரி சந்தையாக இருந்தாலும், சரி கிளம்பலாம் என்று யாராவது வாய் திறந்த நிமிடத்தையும் சக்கரம் உருண்ட நிமிடத்தையும் காலண்டர் தாளில் குறித்துவையுங்கள். மூன்றில் எது நீளமோ அதுதான் உங்கள் வீட்டின் கிளம்பும் நேரம். சராசரி பார்க்காதீர்கள். சராசரி என்பது பையன் ஆய் போகாத நாளையும் சேர்த்தது. உங்கள் ஆவணிக் கணக்கை வைத்துப் பார்த்தால் அது ஒரு மணி நேரம். மண்டபத்தில் 6.30-க்கு இருக்க வேண்டும் என்றால், வழி ஒரு மணி பத்து நிமிடம், நடுவில் நிற்க 20 நிமிடம், வண்டி நிறுத்தி உள்ளே போக 10 நிமிடம், சக்கரம் 4.50-க்கு உருள வேண்டும். வாய் திறக்க வேண்டியது 3.50-க்கு. காரமடை என்றால் இன்னும் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதைப் படித்ததும் "அப்போ ரெண்டு மணிக்கு எழுந்திருக்கணுமா?" என்றுதான் கேட்பீர்கள். வேண்டாம். இன்னும் சீக்கிரம் எழுந்திருப்பதுதான் இதற்கு வழி என்று நினைக்கிற வீடுகளில் அம்மா தூங்குவதே இல்லை, வண்டி அப்படியும் 5.55-க்குத்தான் நகர்கிறது. வேலையை அந்த ஒரு மணி நேரத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.

நம் பாட்டிகள் 'பரஸ்தானம்' வைப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? பயணம் போக வேண்டிய நாளில் நல்ல நேரம் அமையவில்லை என்றால், முன்பே நல்ல நேரம் பார்த்து ஒரு பையை மட்டும் எடுத்துப் பக்கத்து வீட்டிலோ கோயிலிலோ வைத்துவிடுவார்கள். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. சாஸ்திரத்தை விடுங்கள், பை முதல் நாளே வாசல் தாண்டிவிட்டது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நீங்களும் ஒரு பரஸ்தானம் வையுங்கள், உங்கள் வண்டிக்குள்ளேயே. இரண்டு பிள்ளைகளின் ஷூ (நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணி), விசேஷத் துணி, மாற்றுத் துணி இரண்டு செட், பழைய துண்டு, பிளாஸ்டிக் வாளி ஒன்று, தண்ணீர், மொய்க் கவர். காலையில் வீட்டுக்குள் தேடுவதற்கு எதுவுமே இருக்கக் கூடாது.

குளியலும் முதல் நாள் சாயங்காலம். "குளிக்காம கல்யாணத்துக்கா?" என்று அத்தை கேட்பார். இந்தக் குளிரில் காலை நான்கு மணிக்கு ஒன்றரை வயதுக் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றச் சொல்லி எந்தச் சாமியும் கேட்டதில்லை என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மண்டபத்தில் முகம் கால் கழுவிப் பொட்டு வைத்தால் போதும்.

பட்டுப்பாவாடையை மலையில் கட்டவே கட்டாதீர்கள். இது ஒன்றைச் செய்தாலே உங்கள் ஆவணிக் காலையில் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். பழைய நைட் டிரஸ், மேலே ஸ்வெட்டர், காலில் சாக்ஸ் மட்டும். அப்படியே வண்டியில் ஏற்றுங்கள். எப்படியும் மலை இறங்கியதும் புழுக்கத்தில் ஸ்வெட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மண்டபத்து மணமகள் அறையில் பத்து நிமிடத்தில் பாவாடை சட்டை போட்டுவிடலாம். அங்கே உதவிக்குப் பெரியம்மா, அத்தை என்று பத்துக் கை இருக்கும், உங்கள் வீட்டில் காலை நான்கு மணிக்கு இருப்பது இரண்டு.

பிள்ளைகளை நான்கு மணிக்கு எழுப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் விட்டுவிடுங்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். ஒன்று, இரண்டு வயதுக்கு 11 முதல் 14. நான்கு மணிக்கு எழுந்த குழந்தை ரோஸ் ஸ்வெட்டருக்கு அழவில்லை. தூக்கத்துக்கு அழுதது, ஸ்வெட்டர் கையில் கிடைத்தது. பெரியவர்கள் இருவரும் முழுக்கத் தயாரான பிறகு, வண்டிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கடைசியாகப் பிள்ளைகளைத் தூங்கும் நிலையிலேயே தூக்கிப் போங்கள். தூங்கும் குழந்தைக்கு மலைப்பாதையில் குமட்டலும் குறைவு.

வாந்தி பற்றி இன்னும் கொஞ்சம். இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரைதான் பயணக் குமட்டல் அதிகம். உங்கள் பையனுக்கு வராமல் பெண்ணுக்கு மட்டும் வந்ததில் ஆச்சரியம் இல்லை. வண்டி வளைவதைக் காதின் உள்பகுதி உணர்கிறது; கண்ணோ முன் சீட்டின் முதுகையோ போனையோ பார்க்கிறது, அங்கே எதுவும் வளையவில்லை. இரண்டு செய்தியும் ஒத்துப்போகாததால் வயிறு புரள்கிறது. விழித்திருந்தால் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், போன் கொடுக்காதீர்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். கிளம்புமுன் ஒரு டம்ளர் பால் நிறையக் குடிக்க வைப்பது நம் ஊர் வழக்கம், அதை நிறுத்துங்கள். அரை இட்லி, அல்லது ஒரு துண்டு வர்க்கி போதும். வாந்தி மருந்தை, அதுவும் இரண்டு வயதுக்குக் கீழே, குழந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். முன்னால் பார்த்தால் வாந்தி வராது என்று குழந்தையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்கிற பழக்கம் நம் மலையில் நிறைய. பிரேக் போட்டால் முதலில் அடிபடுவது அந்தக் குழந்தைதான். பின் சீட்டில், பெல்ட்டோடு, குழந்தைகளுக்கான இருக்கையில்.

போன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. துணி மாற்ற அடம் பிடிக்கிறாள் என்று போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்ததாகவும், அதைப் பிடுங்கும்போது ரகளை ஆனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று முன்னெச்சரிக்கை கொடுத்தும் கேட்கவில்லை என்கிறீர்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2016-இல் சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளில் இதைத்தான் பார்த்தார்கள். இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்த வீடுகளில் போனை வாங்கும்போது அழுகை கூடத்தான் செய்தது. ஒரு பாட்டு தானாக முடிந்து நின்ற இடத்தில், அல்லது வீட்டு வழக்கப்படி நிறுத்தும் நேரம் வந்தபோது, குழந்தைகள் சண்டை இல்லாமல் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வீடியோ தானாக ஓடுகிற வசதியை அணைத்துவையுங்கள். ஒரு பாட்டு, முடிந்ததும் ஷூ. கிளம்பும் காலையில் அதுகூட வேண்டாம் என்பது என் கட்சி.

"ரெண்டு நிமிஷம்", "அஞ்சு நிமிஷம்" எல்லாம் நான்கு வயதுக்காரிக்கு வெறும் சத்தம். ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே 1940-களிலேயே இதை ஆராய்ந்தார். இரண்டு பொம்மைகளை ஒரே நேரத்தில் புறப்பட வைத்து, ஒரே நேரத்தில் நிறுத்துவார்; ஒன்று மட்டும் வேகமாக ஓடித் தூரம் போயிருக்கும். எது அதிக நேரம் ஓடியது என்று கேட்டால், சின்னக் குழந்தைகள் தூரம் போனதைத்தான் காட்டும். நேரம், தூரம், வேகம் மூன்றும் அவர்களுக்கு ஒரே குழம்பு. (மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்தவனைவிட ரயிலில் வந்தவன் ரொம்பத் தூரத்திலிருந்து வந்தவன் என்று என் மகன் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தான்.) கடிகாரம் புரிய ஆறேழு வயதாகும். அதுவரை நேரத்தைப் பொருளாக மாற்றிச் சொல்லுங்கள். "இன்னும் மூணு தடவை சறுக்கு, அப்புறம் பூங்காவ விட்டுக் கிளம்பறோம்." "இந்த டம்ளர் காலியானதும் சாக்ஸ்." "அப்பா கேட்டைத் திறக்கற சத்தம் கேட்டதும் ஏறணும்." எண்ணக்கூடிய, கேட்கக்கூடிய ஏதாவது ஒன்று. "சீக்கிரம்" என்ற சொல்லை ஒரு காலை முழுக்கச் சொல்லாமல் இருந்து பாருங்கள், நாக்கு தவிக்கும். நாம் அவசரப்பட்டால் குழந்தை உறைந்து போகிறது அல்லது தரையில் உட்கார்ந்துவிடுகிறது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதைத் திருப்பும் பயிற்சி மூளைக்கு அந்த வயதில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

இனி வரும் பத்தியை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுங்கள்.

ஐயா, ஹாரன் அடித்தால் ஷூ லேஸ் வேகமாகக் கட்டப்படாது. உள்ளே கைகள் நடுங்கும், அவ்வளவுதான். உங்கள் பையனுக்கு ஒன்பது உருப்படி என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த ஒன்பதும் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உதவி அல்ல, முழுப் பொறுப்பு. எந்த சாக்ஸ் எங்கே இருக்கிறது என்று மனைவியைக் கேட்கக் கூடாது. பெண் அம்மாவிடம், பையன் உங்களிடம். நீங்களும் அவனும் சேர்ந்து தயாரானால்தான் "நான் ரெடி" என்ற சொல் செல்லுபடியாகும். இன்னொன்று: வீட்டில் போன நேரத்தை ரோட்டில் பிடிக்கப் பார்க்காதீர்கள். விடியாத நேரத்து மூடுபனியில், குஞ்சப்பனைப் பக்கம் யானையோ காட்டெருமையோ எந்த வளைவில் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பத்து நிமிடம் லேட்டானவருக்கு அது மறந்துபோகும். வளைவுகளில் வேகமாகத் திருப்பியதும் உங்கள் பெண்ணின் வாந்திக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மே மாதம் என்றால் கணக்கே வேறு. சீசனில் ஒருவழிப்பாதை ஆக்கினால், ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டியெல்லாம் உங்கள் கோத்தகிரி ரோட்டுக்குத்தான் வரும்.

இப்போது மகள் கேட்ட கேள்வி. உங்கள் கடிதத்தில் எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது, நீங்கள் அதை ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள்.

நான்கு வயதில் உலகம் தன்னைச் சுற்றித்தான் நடக்கிறது என்று குழந்தை நினைக்கும். அப்பா கத்தினால் தன்னால், பாட்டி முணுமுணுத்தால் தன்னால், சித்தியின் முகம் வாடினால் அதுவும் தன்னால். அன்று வண்டிக்குள் நடந்த பேச்சு முழுவதையும் அவள் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அவள் கேட்டதற்கு நீங்கள் "இல்லடா தங்கம், தூங்கு" என்று சொல்லியிருப்பீர்கள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அது போதாது. இத்தனை நாள் கழித்தும் பரவாயில்லை, ஒரு சாயங்காலம் சாவகாசமாக உட்கார்ந்து அந்தக் கதையை முதலிலிருந்து அவளுக்குச் சொல்லுங்கள். "அன்னைக்கு நாம லேட்டா கிளம்பிட்டோம். எவ்வளவு நேரமாகும்னு அம்மாவும் அப்பாவும் தப்பா கணக்குப் போட்டுட்டோம். ரோடு வளைஞ்சு வளைஞ்சு போனதால உனக்கு வயித்தப் புரட்டுச்சு. வாந்தி வந்தா யாராலும் நிறுத்த முடியாது. அடுத்த தடவ அம்மா வாளி எடுத்து வெச்சிருக்கேன்." இவ்வளவுதான். அந்த வாளியை அவளே தேர்ந்தெடுக்கட்டும். நிறம் அவள் இஷ்டம். முடிந்தால் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்குப் போட்டதில் தானும் தப்பு என்று அவள் காதுபடச் சொல்லட்டும். உங்களுக்கு அந்த வாக்கியம் தேவையோ இல்லையோ, அவளுக்குத் தேவை.

அத்தை விஷயத்தில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. நான்கு பெற்றவர் என்பது உண்மைதான். அவர் கிளம்பிய வீட்டில் ஓரகத்தி, நாத்தனார், கொழுந்தன் என்று ஆள் இருந்திருப்பார்கள். நீங்கள் ஒற்றை ஆள். அடுத்த தடவை அவரிடமே கேளுங்கள்: "அத்தை, அப்ப நீங்க எப்படிச் சமாளிச்சீங்க? சின்னவன யாரு தூக்கிக்குவாங்க?" பதில் வரும்போது உங்களுக்கே ஒரு ஆள் கிடைத்தாலும் கிடைப்பார்.

எல்லா இடத்துக்கும் இத்தனை ஏற்பாடு தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ், ரயில், ஆஸ்பத்திரி டோக்கன், முகூர்த்தம்: இவை நமக்காக நிற்காது. இவற்றுக்கு மேலே சொன்ன கணக்கு. ஆறு மணி என்று அழைப்பிதழ் போட்ட பிறந்தநாள் விழாவில் ஏழரைக்கு முன் கேக் வெட்டியதை நான் பார்த்ததில்லை. அதற்குப் பதறி ஓடி, ஊதாத பலூனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். சில அழைப்புகளுக்கு நீங்கள் மட்டும் பையனை விட்டுவிட்டுப் போகலாம். காரமடைக்கு முதல் நாள் வரவேற்புக்கே போய் உறவுக்காரர் வீட்டில் தங்க முடிந்தால், மலைப்பாதைப் பிரச்சினையே இல்லை. மண்டபத்தில் தங்காதீர்கள். மைக் செட் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் தூங்காது, காலையில் நீங்கள் ஆவணிக்கே திரும்பிவிடுவீர்கள்.

இத்தனையும் எழுதுகிற நான் ஒரு தடவை, என் மகனுக்கு மூன்று வயதிருக்கும்போது, உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவனை ஒரு காலில் மட்டும் ஷூவோடு தூக்கிக்கொண்டு போனேன். இன்னொன்று எங்கே கழன்றதென்று இன்றுவரை தெரியாது. பால் காய்ச்சி எல்லோரும் குடித்து முடித்திருந்தார்கள். ஆறின பால் ஒரு டம்ளர் எனக்கும் கிடைத்தது.

தையில் கிளம்புவதால் ஒன்றை மட்டும் கூடுதலாகக் கணக்கில் சேருங்கள். ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தா, காந்தல் அளவுக்கு உங்கள் பக்கம் உறைபனி விழாவிட்டாலும், வெளியே நிற்கும் வண்டியின் கண்ணாடி அந்த நேரத்தில் முழுக்கப் பனி மூடியிருக்கும். துடைத்து, வண்டியைச் சூடாக்க பத்து நிமிடமாவது ஆகும். அவசரத்தில் வெந்நீரை ஊற்ற வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும். ராத்திரியே ஒரு கனமான சாக்கையோ பழைய போர்வையையோ கண்ணாடி மேல் விரித்துவிட்டால் காலையில் உருவி எடுத்தால் போதும். அதை யார் விரிப்பது என்பதை இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பட்டியலில் வர வேண்டாம்.